பிரஷர் பார்க்க வந்தவள்

அவள் செத்துப்போன செய்தி வந்தபோது நான் பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியல் நடத்திக்கொண்டிருந்தேன். செஞ்சியில் எங்கள் தெருவில் சைக்கிள் கடை வைத்திருப்பவர் போன் செய்து, "சார், நம்ம பிரஷர்காரம்மா போயிட்டாங்க சார்" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. சரி என்று வைத்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். திண்டிவனத்திலிருந்து செஞ்சி ஒரு மணி நேரப் பயணம். போயிருக்கலாம். போகவில்லை.

இறந்தவர்களைப் பற்றி எழுதினால் நல்லதாக நாலு வரி எழுதுவது வழக்கம். அது என்னால் ஆகாது. 'அவர்' என்று மரியாதை போட்டு எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். இருந்துவிட்டுப் போகட்டும், அவள் என்றே எழுதுகிறேன். பெயரை எழுதப் போவதில்லை. செஞ்சியில் அவள் பெயர் யாருக்கும் தெரியாது என்பதும் உண்மைதான். எல்லோருக்கும் அவள் பிரஷர்காரம்மா.

அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு உதவியாளாக இருந்து ரிடையர் ஆனவள். அதன் பிறகு வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். ஒரு பழைய மொபெட், அதன் முன்னால் ஒரு ரெக்சின் பை. பிரஷர் பார்ப்பாள், சுகர் பார்ப்பாள், புண்ணுக்குக் கட்டுப் போடுவாள், படுத்த படுக்கையாக இருக்கிறவர்களுக்கு யூரின் டியூப் மாற்றுவாள். குள்ளமான உருவம். ஆம்பிளை வாட்ச் ஒன்றை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பாள். எந்த வீட்டிலும் காபி குடிக்க மாட்டாள். "சுடுதண்ணி இருந்தா குடு" என்பாள். அதையும் நின்றுகொண்டே குடிப்பாள். யாரையும் சார் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. என்னை "வாத்யாரே" என்பாள். அதில் மரியாதை இருக்கிறதா கிண்டல் இருக்கிறதா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் சும்மா மேல்பூச்சு. அவளிடம் இருந்தது ஒரே ஒரு குணம். அதற்காகத்தான் ஊரில் பாதிப் பேர் அவளைக் கும்பிட்டார்கள், என்னைப் போன்றவர்கள் அவளைக் கண்டால் பல்லைக் கடித்தோம். வயதானவர்களிடம் யாரும் கேட்கக் கூசுகிற கேள்வியை அவள் நேராகக் கேட்பாள். அதுவும் பெற்ற பிள்ளைகளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு கேட்பாள். "நாளைக்கு நீ படுத்துட்ட. எழுந்துக்க முடியல. எங்க இருப்ப? யாரு கழுவி உடுவா?"

நம் வீடுகளில் இந்தப் பேச்சை வாசலிலேயே மடக்குவதற்கு ஆயிரம் வழி வைத்திருக்கிறோம். 'வாயக் கழுவு' என்போம். 'வெள்ளிக்கிழமையும் அதுவுமா இன்னா பேச்சு' என்போம். 'நூறு வயசு இருப்ப நீ' என்போம். அவள் முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவள். இந்த வசனங்களையெல்லாம் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருப்பாள். அதனால் அவள் ஒரு வேலை செய்வாள்.

பிரஷர் பார்க்கும் பட்டையை எடுத்துப் பெரியவர் கையில் கட்ட மாட்டாள். மகன் கையிலோ மகள் கையிலோ கட்டுவாள். "மொதல்ல நீ வா. மூஞ்சி ஒரு மாதிரியா இருக்குது" என்பாள். நாமும் ஆஸ்பத்திரிக்காரி சொல்கிறாளே என்று கையை நீட்டுவோம். பட்டையைச் சுற்றிவிட்டுக் காற்றடிப்பாள். "பேசக்கூடாது. பேசுனா தப்பா காட்டும்." அது உண்மைதான், டாக்டர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். கை விண்விண்ணென்று இறுகிக்கொண்டு இருக்கும், வாயைத் திறக்க முடியாது. அந்த நேரம் பார்த்துப் பெரியவர் பக்கம் திரும்பிக் கேள்வியைக் கேட்பாள். நடுவில் நாம் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "பேசிட்ட, மறுபடியும் அடிக்கணும்" என்று ரப்பர் பம்பை அமுக்க ஆரம்பிப்பாள். பெரியவர் பேசி முடிக்கும்வரை காற்றை முழுதாக இறக்க மாட்டாள். நான் எத்தனையோ பிள்ளைகளை வகுப்பில் வாயைப் பொத்த வைத்தவன். இப்படி ஒரு உத்தி எனக்குத் தோன்றியதில்லை.

காந்தி பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு பாய் குடும்பத்தை எனக்குத் தெரியும். நாலு தலைமுறையாக அங்கேயே வியாபாரம். பெரியவருக்கு மூன்று பிள்ளைகள். அத்தா என்னிடம் இருக்கட்டும், என்னிடம் இருக்கட்டும் என்று மூன்று பேருக்கும் போட்டி. மூத்தவன் மாடியில் ஏ.சி. ரூம் கட்டி வைத்திருந்தான். அந்த மூத்தவன் கையில் பட்டையைக் கட்டிவிட்டு இவள் பெரியவரைக் கேட்டிருக்கிறாள். அவர் சொன்னாராம், "எனக்கு மாடி வேணாம்மா. கடைக்குப் பின்னாடி கம்பி போட்டு வச்சிருக்காங்களே, அந்த ரூமு போதும். எட போடுற சத்தம் கேக்கணும். யாரு வராங்க, இன்னா கேக்கறாங்கன்னு காதுல விழணும்." கம்பியை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அங்கே கட்டில் போட்டார்கள். ஒன்றரை வருஷம் அந்த அறையில் படுத்தபடியே வியாபாரம் பண்ணினார் மனிதர். "அதுக்கு அந்த வெல இல்லடா, ஏத்திச் சொல்லாத" என்று உள்ளேயிருந்து கத்துவாராம். கடை திறந்திருந்த நேரத்தில்தான் உயிர் போயிற்று. "எங்க அத்தா மனசுல இது இருந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது வாத்தியார்" என்று அந்த மூத்தவன் என்னிடம் கண் கலங்கினான். இந்த மாதிரி நாலு வீட்டில் நல்ல பெயர் வாங்கி வாங்கித்தான் அவளுக்குத் திமிர் ஏறியது.

எல்லா வீட்டிலும் இப்படி நடக்கவில்லை. கூட்டு ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டில், மகனுக்குப் பட்டை கட்டிவிட்டுக் கேட்டபோது, அவன் அம்மா, "என்ன ஹோம்ல சேத்துடச் சொல்லும்மா, இவ கையால சாப்பிட முடியல" என்று சொல்லிவிட்டாள். மருமகள் வாசலுக்கு வந்து பிரஷர்காரம்மாவின் செருப்பை எடுத்துத் தெருவில் வீசினாள். இவள் நிதானமாக இறங்கிப் போய், ஒரு செருப்பை இங்கேயும் ஒரு செருப்பை அங்கேயும் தேடிப் போட்டுக்கொண்டு, "நாளைக்குக் காலைல வரன். வெறும் வயித்துல இருக்கச் சொல்லு, சுகர் பாக்கணும்" என்று மொபெட்டைக் கிளப்பினாளாம். மறுநாள் போகவும் செய்தாள். மான ரோஷம் என்பது அவளுக்கு இருந்ததாகவே தெரியவில்லை.

லீவு நாளில் மெட்ராசிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற பிள்ளைகளை அவளுக்கு ஆகவே ஆகாது. காரை நிறுத்திவிட்டு ராஜகிரிக் கோட்டை ஏறிப் போட்டோ எடுத்துக்கொண்டு, இறங்கி வந்து அரை மணி நேரம் வீட்டில் தலைகாட்டிவிட்டுப் போகிறவர்களை நடுத்தெருவில் நிறுத்துவாள். "அம்மாம் பெரிய மல ஏற மூச்சி இருக்குது. ஆத்தாக்காரிய ஒரு வார்த்த கேக்க மூச்சி இல்லியா?" அவன் பொண்டாட்டி, பிள்ளை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். அதைப் பற்றி அவளுக்கு என்ன கவலை?

இப்போது எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இதை எழுதுவதே அதற்காகத்தான்.

என் நைனா பஸ் டிரைவராக இருந்தவர். திருவண்ணாமலை ரூட், அமாவாசைக்கு மேல்மலையனூர் ஸ்பெஷல். வீட்டிலும் அவர் டிரைவர்தான். அவர் சொல்கிற இடத்தில்தான் வண்டி நிற்கும். அம்மா பேசி நான் அதிகம் கேட்டதில்லை. நான் மூத்தவன். தம்பி ஓசூரில் அரசாங்க ஆபீசில் இருக்கிறான். நைனாவுக்கும் அம்மாவுக்கும் வயது எழுபதைத் தாண்டியதும் தம்பியும் நானும் போனில் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். படுத்துவிட்டால் நைனா என்னிடம், அம்மா அவனிடம். அவன் பிள்ளைகள் சின்னவை, அம்மா இருந்தால் ஒத்தாசை. என் வீட்டில் ஒரு ரூம் காலி. படுத்துவிட்ட அம்மா என்ன ஒத்தாசை செய்வாள் என்று எங்களுக்கு அப்போது தோன்றவில்லை. நியாயமாகப் பங்கு போட்டுவிட்டோம் என்ற நிம்மதிதான் இருந்தது. அவர்களிடம் சொல்லவில்லை. வருகிறபோது சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் செஞ்சிக்குப் போயிருந்தபோது பிரஷர்காரம்மா வந்தாள். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நைனா நாற்காலியில் பேப்பரோடு இருந்தார். அவளுடைய உத்தியைப் பற்றி ஊரெல்லாம் கேள்விப்பட்டிருந்தும் நான் கையை நீட்டினேன். எங்கள் வீட்டில் அப்படிக் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்ற எண்ணம்.

காற்றை அடித்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள். "யம்மா, நீ விழுந்து படுத்துட்ட. எங்க இருப்ப?"

"எங்க இருப்பன்? இங்கதான்."

"இங்க யாரு பாப்பா? அவரா?"

அம்மா சிரித்தாள். கீரைக் காம்பைக் கீழே போட்டாள். ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தைரியம் கொடுத்ததோ என்னவோ.

"அவருகிட்ட எனக்கு வேணாம்" என்றாள். "ரெண்டு புள்ள பெத்தன். ரெண்டு வாட்டியும் அவரு மலையனூரு ஸ்பெஷல் ஓட்டப் போயிட்டாரு. அது வேல, அத உடு. போன வருஷம் ஜொரத்துல கெடந்தன். தாகமா இருக்குதுன்னு சொன்னன். எழுந்து போயி குடின்னாரு. அவரு படுத்தா நான் பாப்பன். நான் படுத்தா அவரு பாக்க மாட்டாரு."

"அப்ப புள்ளைங்ககிட்ட போறியா?"

"மருமவளுங்க ரெண்டு பேரும் நல்லவளுங்கதான். ஆனா அவளுங்களுக்கு நான் ஒரு வேல. காலைல எழுந்தா இன்னொரு வேல. என் தங்கச்சிக்கு நான் வேல இல்ல, அவளுக்கு நான் அக்கா. என்ன பனமலைல அவகிட்ட உட்ருங்க. ஏரிக்கரைல ஊடு. அவளும் தனியாத்தான் இருக்கறா."

"ம்மா" என்றேன் நான்.

"பேசிட்ட" என்று அவள் மறுபடியும் பம்பை அமுக்கினாள். கை மரத்துப் போயிற்று. "சரி. வாய்ல சோறு எறங்கல. மூக்குல டியூபு போட்டுக் கஞ்சி ஊத்தலாம்னு சொல்றாங்க. ஊத்தட்டுமா?"

"வாயே வேணாங்கும்போது வயித்துக்கு இன்னாத்துக்கு?"

"ஊத்தலன்னா பத்து நாள்ல போயிடுவ."

"போறன். எனக்கு இன்னும் இன்னா வேல பாக்கி இருக்குது?" என்று சொல்லிவிட்டு அம்மா கீரையை எடுத்துக்கொண்டாள்.

நைனா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்த வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன், உண்மையைச் சொன்னால். அவர், "அவ சொல்றது சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். அந்த மனிதர் ஒரு விஷயத்தில் அம்மா சொல்வது சரி என்று சொல்லி நான் அன்றுதான் கேட்டேன்.

பிரஷர்காரம்மா காற்றை இறக்கினாள். "நூத்தி அறுவது, நூறு. இந்த ஊட்ல ஒனக்குத்தான் மாத்திர வேணும் வாத்யாரே" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. குடும்பத்தைக் கெடுக்க வந்தவளே என்றேன். இனிமேல் இந்த வீட்டு வாசற்படி மிதித்தால் நடப்பதே வேறு என்றேன். அவள் பட்டையைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டே, "ஒங்கம்மா வரவேணாம்னு சொல்லட்டும், வரல. ஒனக்கு ஓட்டு திண்டிவனத்துல இருக்குது, இங்க இல்ல" என்றாள். அம்மா அவளுக்குச் சுடுதண்ணீர் எடுத்துவர உள்ளே போயிருந்தாள்.

தம்பிக்குப் போன் செய்தேன். அவன் என்னைவிடக் குதித்தான். அம்பது வருஷம் புருஷனுக்கு எதிரில் ஒரு வார்த்தை பேசாதவள், திடீரென்று இப்படிப் பேசுகிறாள் என்றால் அது அம்மா இல்லை, யாரோ எதையோ வைத்துவிட்டார்கள் என்றான். இதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் பித்தாகரஸ் தேற்றம் நடத்துகிறவன். ஆனால் நான் ஆமாம் என்றேன். அடுத்த அமாவாசைக்கு இருவரும் லீவு போட்டு, அதைக் கழிக்க அம்மாவை மேல்மலையனூர் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனோம். நைனா வர மாட்டேன் என்றுவிட்டார். "அவளுக்கு ஒண்ணும் இல்ல. ஒங்க ரெண்டு பேருக்குந்தான் இன்னாவோ ஆயிடுச்சி" என்றார். வெயிலில், அந்தக் கூட்டத்தில், எழுபத்து மூன்று வயதுக்காரியை மூன்று மணி நேரம் வரிசையில் நிற்க வைத்தோம். எலுமிச்சம்பழம் வாங்கினோம். கையில் கயிறு கட்டினோம். திரும்பும்போது பஸ்ஸில், "ஆத்தாகிட்ட இன்னா வேண்டிக்கின?" என்று தம்பி கேட்டான்.

"பனமலையைத்தான் கேட்டன்" என்றாள் அம்மா.

அடுத்த எட்டு மாதத்தில் அம்மா குழாயடியில் விழுந்தாள். வலது பக்கம் வரவில்லை, பேச்சும் போய்விட்டது. நைனா முதலில் எனக்குப் போன் செய்தார். நான் ஆம்புலன்ஸ் வைத்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனேன். அங்கே மூக்கில் டியூப் போடட்டுமா என்று டாக்டர் என்னைக் கேட்டார். அவர் கேட்கத்தான் செய்தார். போடுங்கள் என்று கையெழுத்துப் போட்டவன் நான். பக்கத்தில் நின்றிருந்த நைனா என் முகத்தைப் பார்த்தார். நான் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மருந்துக்கடைக்குப் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்துத் திண்டிவனத்தில் என் வீட்டுக்கே அழைத்து வந்தேன். ஓசூர் தூரம் என்று தம்பி கழன்றுகொண்டான். பனமலைச் சித்தி தினமும் போன் செய்தாள். "அக்காவ இங்க கொண்டாந்து உடுடா. எனக்கு இன்னா வேல இருக்குது?" என்று அழுதாள். உனக்கும் வயதாகிவிட்டது சித்தி, உன்னால் தூக்கிப் புரட்ட முடியாது என்றேன். அது காரணமே இல்லை. இரண்டு பிள்ளைகள் அரசாங்கச் சம்பளம் வாங்கும்போது அம்மா தங்கச்சி வீட்டில் கிடந்து செத்தாள் என்று செஞ்சியில் பேசுவார்கள். அதுதான் காரணம். அப்போது இதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

அம்மா இடது கையால் டியூபைப் பிடுங்கினாள். மறுபடி போட்டோம். மறுபடி பிடுங்கினாள். மூன்றாம் தடவை, பார்த்துக்கொள்ள வைத்திருந்த பெண் காடாத் துணியைக் கிழித்து அந்தக் கையைக் கட்டில் கம்பியோடு கட்டினாள். எல்லா வீட்டிலும் இப்படித்தான் சார் செய்வார்கள் என்றாள். நான் சரி என்றேன்.

ஒரு நாள் மத்தியானம் பிரஷர்காரம்மா வந்தாள். செஞ்சியிலிருந்து பஸ் பிடித்து, வெயிலில் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள். சித்தி சொல்லியிருக்க வேண்டும். நான் கிரில் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் அவளும், இந்தப் பக்கம் நானும் நின்றோம்.

"கைய கட்டி வச்சிருக்கறியாமே?"

"அவுத்து உட்டா டியூப பிடுங்கிடறாங்க."

"அதுக்கு மேல எப்டிச் சொல்லுவாங்க வாத்யாரே? வாய்தான் போயிடுச்சே" என்றாள்.

"நீ கெளம்பு."

"கெளம்பறன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னைக்கு அவங்க சொன்னது ஒனக்கு மறந்துபோச்சா, இல்ல நெனப்பு இருக்குதா?"

"எங்கம்மாவுக்கு இன்னா செய்யணும்னு எனக்குத் தெரியும்" என்று கத்தினேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஒனக்குத் தெரியும்" என்றாள் அவள். "தெரியாதவனா இருந்தா நான் இம்மாந் தூரம் வந்திருக்க மாட்டன்." தண்ணீர்கூடக் கேட்காமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். அவளை ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சாப்பிட்டேன்.

ஆறு வாரம் அம்மா அப்படிக் கிடந்தாள். ஒரு வியாழக்கிழமை பகலில், நானும் என் மனைவியும் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, கஞ்சி இறங்கிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். சொந்த வாசலிலிருந்து போக வேண்டும் என்று செஞ்சிக்குக் கொண்டுபோனோம். மேளம், பூப்பல்லக்கு, தெரு முழுக்கப் பந்தல். குளிப்பாட்டும்போது சித்தி அம்மாவின் இடது மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தாள். துணி கட்டியிருந்த இடம் கறுத்திருந்தது. சித்தி அதன் மேல் மஞ்சளைப் பூசினாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறந்த வீட்டுக் கோடியைப் போர்த்திவிட்டுப் பனமலைக்குப் போனவள் இன்றுவரை என்னோடு பேசவில்லை. பிரஷர்காரம்மாவும் வந்திருந்தாள். தெருமுனையில் மொபெட்டை நிறுத்தி, அங்கிருந்தே கும்பிட்டுவிட்டுப் போனாள். ஊரில் எல்லோரும், புள்ளைங்க நல்லாப் பாத்துக்கிட்டாங்க, ராணி மாதிரி அனுப்பினாங்க என்றார்கள். இந்தப் பேச்சுக்குத்தான் நான் ஆசைப்பட்டேன். கிடைத்தது.

நைனா என்னோடு வந்துவிட்டார். அது ஆயிற்று மூன்று வருஷம்.

செய்தி வந்த அன்று சாயங்காலம் சைக்கிள் கடைக்காரர் மறுபடியும் போன் செய்தார். நான் ஏன் வரவில்லை என்று கேட்கத்தான் கூப்பிட்டிருப்பார். ஆனால் முழுக் கதையையும் சொன்னார். அவளுக்கு வயிற்றில் கட்டியாம். ஆறு மாதமாகத் தெரியுமாம். ஆஸ்பத்திரி வேண்டாம், நான் ஆஸ்பத்திரியில் இருந்தது போதும் என்று மகளிடம் சொல்லிவிட்டாளாம். எந்த ரூமில் படுக்க வேண்டும், யாரையெல்லாம் உள்ளே விடக் கூடாது, எப்போது தண்ணீரை நிறுத்த வேண்டும் எல்லாம் சொல்லி வைத்திருந்தாளாம். கடைசி இரண்டு நாள் மகள் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டே பக்கத்தில் இருந்தாளாம். "அது கேட்ட மாதிரியே போயிடுச்சி சார். குடுத்து வச்ச மகராசி" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. செத்தவள் மேல் இப்படிக் கோபம் வருமா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. எங்கள் அம்மாவும்தான் கேட்டாள். கீரையைக் கையில் வைத்துக்கொண்டு, தெளிவாக, நிதானமாகக் கேட்டாள். அவளுக்கு ஏன் கிடைக்கவில்லை? இதற்குப் பதில் தேடி நான் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. அந்தப் பொம்பிளை கேட்காமல் இருந்திருந்தால் அம்மாவின் ஆசை எனக்குத் தெரிந்தே இருக்காது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். அந்த ஒரு சௌகரியத்தை அவள் என்னிடமிருந்து பிடுங்கிவிட்டாள். இதற்காக நான் அவளை மன்னிக்கவே மாட்டேன்.

போனை வைத்துவிட்டு நைனாவின் ரூமுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்துகொண்டு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது. போன மாதம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் மூச்சுத் திணறல் அதிகமாகும், மெஷின் வைக்க வேண்டி வரும், அப்பாவிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். ஒரு மாதமாக நான் பேசவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என்னால் கேட்க முடியும் என்று எனக்கே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

"நைனா, பிரஷர்காரம்மா செத்துட்டாங்களாம்."

"காலைலயே தெரியும். எனக்கும் போன் வந்துச்சி."

"நைனா." டி.வி.யைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "நாளைக்கு ஒனக்கு ரொம்ப முடியாம போயிட்டா... ஆஸ்பத்திரில மெஷினு வைக்கட்டுமான்னு கேப்பாங்க. இங்கியே இருக்கணுமா, செஞ்சிக்குப் போவணுமா. ஒனக்கு எப்டி வேணும்னு சொல்லு."

அவர் ரிமோட்டை எடுத்து டி.வி. சத்தத்தைக் குறைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். புதுச்சேரியில் நான் கையெழுத்துப் போட்டபோது பார்த்த அதே பார்வையாக இருக்கும் என்று பயந்தேன். அப்படி இல்லை. சாதாரணமாகத்தான் இருந்தது முகம்.

"ஒங்கம்மா சொன்னா" என்றார். "அவளுக்கு நீ இன்னா பண்ண?"

நான் அவர் காலடியில் சுருண்டிருந்த போர்வையை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

"எனக்கும் அதையே பண்ணிடு. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி பண்ணிட்டா ஊர்ல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, சத்தத்தை மறுபடியும் ஏற்றிக்கொண்டார்.